நன்றியுரையில் வந்த பதினேழு பேர்

கிழக்கு லண்டன் தமிழ் மனிதநேய ஒன்றியத்துக்குத் துயரம் தட்டுப்பாடாகிவிட்டது. உக்ரேனைத் தென் லண்டனின் சட்டன் சங்கக்காரர் முந்திக்கொண்டு எடுத்து, மெழுகுதிரி கொளுத்தி, படமும் பிடித்துப் போட்டுவிட்டார்கள். துருக்கி நிலநடுக்கத்தை வெஸ்ட் ஈலிங் பக்கத்தார் மூன்றே நாளில் செய்து முடித்தார்கள். ஒன்றியத்தின் தலைவர் பெனடிக்ற், ஈஸ்ட் ஹாமில் உள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிர்வாகசபையைக் கூட்டி, மிச்சமிருக்கிற உலகத்தைப் பார்வையிட்டார்.

பெனடிக்ற் 'மனிதநேய மாமணி' பட்டம் பெற்றவர். கொடுத்தது சட்டன் சங்கம். அதற்கு முந்திய வருடம் சட்டன் சங்கத் தலைவர் சிவானந்தனுக்கு ஈஸ்ட் ஹாமில் வைத்து 'சமூகச் சுடர்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர் பெனடிக்ற். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று இருவருமே மேடையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றியத்தின் செயலாளர் இம்மாகுலேற், கூட்டக் குறிப்பு எழுதுவதற்கும் தேநீர் ஊற்றுவதற்கும் இடையில், தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். பெயர் லாடி. நைஜீரியாவின் வடகிழக்கில் குர்மாய் என்ற கிராமம். ஐப்பசியில், நிலக்கடலை பிடுங்குகிற நாட்களில், ஆயுதக்காரர் மோட்டார் சைக்கிள்களில் வந்திருக்கிறார்கள், ஒரு சைக்கிளில் மூன்று பேராக. வயலில் நின்றவர்களையும் ஓடையில் தண்ணீர் எடுத்தவர்களையும் சுட்டுவிட்டு, தானியக் குதிர்களுக்குத் தீ வைத்துவிட்டு, ஆடுகளையும் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். லாடியின் தங்கை ரிஃப்கட்டு வயலில் நின்றவள்.

பெனடிக்ற் பேனாவை எடுத்தார்.

"ஆபிரிக்காவை இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை, என்ன?"

எடுக்கவில்லை என்று நிர்வாகசபை உறுதிசெய்தது. நிர்வாகசபை என்பது அன்றைக்குக் கவிஞர் யோகலிங்கமும் பெனடிக்ற்றின் மனைவியும். கவிஞர், 'ஆபிரிக்கத் தாயே அழாதே' என்று ஒரு தலைப்பு தனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாகச் சொன்னார். கவிதை பின்னால் வரும்.

எத்தனை பேர் செத்தவர்கள் என்று கேட்டார் பெனடிக்ற். பதினேழு என்றாள் இம்மாகுலேற். பெனடிக்ற்றின் பேனா நின்றது.

"பதினேழு எண்டு போட்டால் ஆர் பிள்ளை வருவினம்? நாங்கள் எவ்வளவு இழந்த சனம். எங்கடை ஆக்களை மண்டபத்துக்கு எழுப்பிக்கொண்டு வாறதெண்டால் ஒரு கனம் வேணும்." அவர் தாளில் 'நூற்றுக்கணக்கான அப்பாவிப் பொதுமக்கள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பெனடிக்ற் லண்டனுக்கு எண்பத்து நாலில் வந்தவர். அதற்குப் பிறகு ஊரில் நடந்ததையெல்லாம் நேரில் நின்று கண்டவர்போலப் பேசுவார். இம்மாகுலேற் இரண்டாயிரத்துப் பத்தில் மன்னாரிலிருந்து வந்தவள். காணாமற்போன அவளுடைய தமையனின் பெயர் இரண்டு ஆணைக்குழுக்களிடம் கொடுத்த இரண்டு பட்டியலிலும் இருந்தது. இரண்டு ஆணைக்குழுவும் காணாமற்போனவர்களுக்கு வேறு வேறு மொத்தம் சொல்லின. அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

மறுநாள் இடைவேளையில், இல்லத்தின் பின்கதவுப் படியில் இருந்துகொண்டு, விஷயத்தை லாடியிடம் சொன்னாள். இருவரும் பேசுவது ஆங்கிலத்தில்தான், ஆளுக்கொரு ஆங்கிலம். கூட்டம் நடத்துவது பெரிய காரியம் என்றாள் லாடி. ஆனால் நூற்றுக்கணக்கு என்பது வேண்டாம்.

சூடு நடந்ததற்கு மறுநாள்தான் ராணுவம் வந்தது என்று அவள் விளக்கினாள். வீதியோரம் கிடந்த நாலு பேரை எண்ணினார்கள். வயலுக்குள் இறங்கவில்லை, சப்பாத்து சேறாகும் என்றோ, வேறு பயமோ. வானொலி நாலு என்றது. மற்றப் பதின்மூன்று பேரையும் ஊர்ச்சனமே எடுத்துப் புதைத்தது. பிறகு வந்த அதிகாரி அந்தப் பதின்மூன்று பேரையும் 'ஊரைவிட்டு ஓடியவர்கள்' என்று பதிந்துகொண்டு போனான்.

"என்னுடைய தங்கச்சி ஓடிப்போனவள் என்று அரசாங்கத்துத் தாளில் இருக்கிறது," என்றாள் லாடி. "நீங்கள் நூற்றுக்கணக்கு என்றால், 'பார், இவர்கள் பொய்க்காரர்' என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். அவள் ஓடினவளாகவே இருப்பாள். பதினேழு பேருடைய பெயரையும் நாலு பேருக்கு முன்னால் வாசித்து, எங்காவது அச்சில் வந்தால் போதும். அண்ணன் அதைக் கொண்டுபோய்க் காட்டுவான்."

அவளிடம் பெயர்கள் இருந்தன. இரண்டு கிழமையாக அண்ணனுக்கு அழைப்பெடுத்து, தொடர்பு அறுந்து அறுந்து, ஒவ்வொன்றாய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

இம்மாகுலேற்றுக்கு ஒரு வேலை தெரியும். அவர்களுடைய தேவாலயப் பங்கில் யார் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். பத்து வருடமாக எழுதுகிறாள். எங்கே பிறந்தவர், எங்கே வசித்தவர், யாருடைய மகன், யாருடைய கணவன், யாருக்கு மைத்துனன், யாருக்குச் சகலன் என்று ஓர் ஆளைச் சுற்றி இருபது பேரைக் கட்டி முடித்த பிறகுதான் அந்த ஆளைச் சாக விடுவது எங்கள் வழக்கம். சம்பந்தியின் பெயர் ஒன்று விடுபட்டால் செத்தவீட்டில் கதைக்கமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் நினைவில் கதைப்பார்கள்.

அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். வெறும் பெயர்கள். பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"இந்த யாகுபு ஆருடைய மகன்?"

லாடி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். டாங்கோவின் மகன், சரத்துவின் புருஷன், இரண்டு பிள்ளைகள். இம்மாகுலேற் எழுதிக்கொண்டாள். ஹன்னத்து? புலுஸின் மனைவி, என் சித்தி முறை. மூசா? பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிறவர், கோழி வளர்க்கிறவர், அவருடைய பேரன்தான் பட்டியலில் ஒன்பதாவது. வானொலிக்காரனும் அதிகாரியும் எத்தனை என்றுதான் கேட்டார்கள், யாருடைய என்று நீதான் கேட்கிறாய் என்றாள் லாடி. அது மரண அறிவித்தல் படிவத்தில் கேட்கிற கேள்வி என்று இம்மாகுலேற் சொன்னாள்.

அந்த மாதம் முழுவதும் பதினைந்து நிமிட இடைவேளைகளில் அது நடந்தது. வீட்டில் இம்மாகுலேற் தட்டச்சு செய்தாள். முந்தி இறந்துபோன உறவுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும். புலுஸும் ஹன்னத்துவும் அவர்களுடைய மகள் தலாத்துவும் ஒரே காலையில் போனவர்கள். மகளுக்குத் தாய்தகப்பன் காலஞ்சென்றவர்களா? பத்து வருடத்தில் அவளுக்கு அப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. கடைசியில் எல்லோருக்கும் போட்டாள். மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்க அலுத்து, பிரதி எடுத்து எடுத்து ஒட்டினாள்.

இதற்கிடையில் துண்டுப்பிரசுரம் வந்தது. சிவந்த சூரியன் அஸ்தமிக்க, ஒற்றை மரத்தடியில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. நடுவில் பெனடிக்ற். அவருக்குக் கீழே 'நூற்றுக்கணக்கான'. லாடி ஒட்டகச்சிவிங்கிகளை நெடுநேரம் பார்த்தாள். தான் முதன்முதலில் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டது லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் என்றாள். பிறகு பெரிதாய் இருந்த அந்தச் சொல்லைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இம்மாகுலேற்றுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அன்று பின்னேரமே அவள் பெனடிக்ற்றுக்கு அழைப்பெடுத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்பது அவருடைய நல்ல பழக்கங்களில் ஒன்று, அதனால் எதுவும் மாறுவதில்லை. அச்சடித்தது அச்சடித்ததுதான் என்றார். ஆனால் நிகழ்ச்சிநிரலில் பதின்மூன்றாவதாக 'உயிரிழந்தோர் பெயர் வாசித்தல் – ஐந்து நிமிடம்' என்று போட்டுத் தருகிறேன், அந்தப் பிள்ளையே வந்து வாசிக்கட்டும், பொன்னாடையும் போர்த்துவோம் என்றார். பதினாறாவது, வழக்கம்போல இம்மாகுலேற்றின் நன்றியுரை.

நன்றியுரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கூட்டங்களில் எதையும் வெட்டலாம். வரவேற்புரையைச் சுருக்கலாம், நடனத்தைப் பாதியில் நிறுத்தலாம், மௌன அஞ்சலியை முப்பது செக்கனில் முடித்தவர்களும் உண்டு. நன்றியுரையில் கைவைக்க முடியாது. இரண்டாயிரத்துப் பதினாறில், கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு வடை கொடுத்த ஞானேஸ்வரனின் பெயர் நன்றியுரையில் விடுபட்டது. மூன்று மாதத்தில் ஒன்றியம் இரண்டாகி, ஞானேஸ்வரன் தலைமையில் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இன்னொன்று பதிவாகியது. அன்றிலிருந்து நன்றியுரை முடியும்வரை ஒருவரும் மண்டபத்தை விட்டுப் போவதில்லை. நன்றியில் விருப்பம் உள்ளவர்கள் என்றில்லை. தங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை, இரண்டு மணிக் கூட்டம் மூன்று பத்துக்குத் தொடங்கியது. மண்டபத்தை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு யாருக்கோ பூப்புனித நீராட்டு விழா. முன்வரிசையில், இல்லத்துச் சீருடைக்குமேல் கறுப்புக் கோட்டுப் போட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு லாடி இருந்தாள். காலை ஷிப்ட் முடித்து நேரே வந்தவள்.

மங்கள விளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். இருந்தது ஐந்து திரி. பெனடிக்ற்றின் தலைமையுரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தது. அவர் அதில் முதல் பத்து நிமிடத்தை, தனக்கு நேரம் போதாது என்பதை விளக்கச் செலவழித்தார். பிறகு ஆபிரிக்கரும் தமிழரும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்த கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதில் தொடங்கி, கற்காலம் வழியாக, நாலு மணிக்குச் சோழர் காலத்துக்கு வந்து சேர்ந்தார். உள்ளூர்க் கவுன்சிலர் ஆறு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். தலைவர் காதில் சொன்னதை நம்பி அவரும் நூற்றுக்கணக்கானோர் என்றார். அதை லாடிக்கு ஒருவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் எழும்பப்போனாள். அதற்குள் கவுன்சிலர் பொன்னாடையோடு பின்கதவால் போய்விட்டார். அவருக்கு இன்னொரு இடத்தில் இன்னொரு பொன்னாடை இருந்தது.

லாடிக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். படம் பிடித்தார்கள். படத்துக்காக இரண்டாம் முறையும் போர்த்தினார்கள். கவிஞர் யோகலிங்கம் ஆபிரிக்கத் தாயை அழவேண்டாம் என்று இருபத்திரண்டு அடிகளில் கேட்டுக்கொண்டு, மக்கள் கேட்காமலே முதல் பத்து அடிகளை மீண்டும் படித்தார்.

ஐந்தே முக்காலுக்கு மண்டபத்தின் பின்பக்கம் கதவு திறந்தது. அடுத்த விழாவின் அலங்காரக்காரர் இரண்டு பேர், மயில் தோகை விரித்த ஒரு பெரிய சிம்மாசனத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப்பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். பெனடிக்ற் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நேரமின்மை காரணமாகப் பன்னிரண்டு தொடக்கம் பதினைந்து வரையான நிகழ்ச்சிகள் தவிர்க்கப்படுகின்றன என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். ஒரு கணம் யோசித்து, அவையின் மனச்சாட்சிக்காக ஒரு வசனம் சேர்த்தார்.

"உயிரிழந்தோரின் பெயர்கள் எங்கள் எல்லோருடைய இதயங்களிலும் வாசிக்கப்பட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வோம். அடுத்ததாக, நன்றியுரை."

அவையிலிருந்த நூற்றுச்சொச்சம் பேரும் கதிரையில் நிமிர்ந்தார்கள்.

என்ன சொன்னார் என்று லாடி இம்மாகுலேற்றைக் கேட்டாள். இம்மாகுலேற் சொன்னாள். லாடி கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். பொன்னாடையைக் கழற்றி நாலாய் மடித்தாள், இல்லத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிற அதே மடிப்பு. கோபமாய் இருந்தமாதிரித் தெரியவில்லை. பழகினமாதிரி இருந்தது.

இம்மாகுலேற்றிடம் இரண்டு கட்டுத் தாள் இருந்தது. ஒன்று பெனடிக்ற் தன் கைப்பட எழுதிக் கொடுத்தது: நன்றிக்குரிய நாற்பத்தொரு பேர், ஒலியமைப்பிலிருந்து சிற்றுண்டி ரோல்ஸ் வரை. அவள் மேடையேறி, அதை ஒலிவாங்கித் தாங்கியின் அடியில் வைத்தாள். மற்றதை விரித்தாள்.

"குர்மாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட யாகுபு டாங்கோ அவர்கள்," என்று தொடங்கினாள்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாலாம் வரிசையில் ஒருவர், யாகுபு என்பது ஒலியமைப்புக்காரனோ என்று பக்கத்தில் கேட்டார். ஆனால் அந்த ஓசை எல்லோருக்கும் தெரியும். பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் என்று ஒரு குரல் தொடங்கினால், எங்கள் சனம் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு, ஆர், எங்கடை ஆளோ என்று காது கொடுக்கும். முப்பது வருடப் பழக்கம் அது. தொலைபேசிகள் கீழே போயின.

"டாங்கோவின் அன்பு மகனும், சரத்துவின் அன்புக் கணவரும், நவோமி, இஷாயா ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். நிலக்கடலை வயலில் இறந்தவர்."

அவள் அடுத்த ஆளுக்குப் போனாள். பிறகு அடுத்த ஆளுக்கு. ஆறாவதில் பெனடிக்ற் குனிந்தபடி மேடைக்கு வந்தார். கூட்டத்துக்குத் தெரியக்கூடாது என்று குனிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளை, நன்றி," என்று கிசுகிசுத்தார். "ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம்."

இம்மாகுலேற் ஒலிவாங்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"இன்னும் பதினொண்டு கிடக்கு அண்ணை. இருங்கோ."

அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பெனடிக்ற் இருப்பதற்குக் கதிரை தேடினார். மேடையில் இருந்த ஒரே கதிரை விளக்குக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய் இருந்தார்.

பன்னிரண்டாவது பெயரில் அவள் தடுக்கினாள். தமிழில் அதை எழுதியது அவளேதான், வாயில் வரவில்லை. முன்வரிசையிலிருந்து லாடி அந்தப் பெயரைத் திருத்திச் சொன்னாள்.

"ரிஃப்கட்டு."

"ரிஃப்கட்டு," என்றாள் இம்மாகுலேற். "காலஞ்சென்ற லுகா, மற்றும் ஜுமய் தம்பதியரின் அன்பு மகளும், அயூபாவின் அன்பு மனைவியும், லாடி, இலியா ஆகியோரின் பாசமிகு தங்கையும் ஆவார். ஓடிப்போனவர் அல்ல. வயலில் இறந்தவர்."

லாடி எழும்பி மேடைக்கு வந்தாள். மிச்ச ஐந்து பெயரையும் அவள் முதலில் தன் வாயால் சொன்னாள். யாருக்கு யார் என்பதை இம்மாகுலேற் தமிழில் சொன்னாள். பின்னால் அலங்காரக்காரர் சிம்மாசனத்தை இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை, பிடித்தபடி நின்றார்கள். அவர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்ற ஒரு கையை விட, மயில் கொஞ்சம் சரிந்தது.

"மொத்தம் பதினேழு பேர்," என்றாள் இம்மாகுலேற். "நன்றி."

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

அன்று இரவு பெனடிக்ற்றின் தொலைபேசி ஓயவில்லை. நாற்பத்தொரு பேரில் ஆறு பேர், தங்கள் பெயர் வராததைப் பெரிதாக எடுக்கவில்லை என்று சொல்வதற்காகவே அழைத்தார்கள். அவசர நிர்வாகசபை கூடுவதாக முடிவாகியது. இம்மாகுலேற் விலகல் கடிதம் எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்து தேவாலயப் படியில் நின்றபோது, ஒரு மூதாட்டி பெனடிக்ற்றின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு கூட்டத்தைத் தான் கண்டதில்லை தம்பி என்றாராம். பிறகு இன்னொருவர். பிறகு சுவாமியார். மாலையில் சட்டனிலிருந்து சிவானந்தனே அழைத்து, அந்தப் பெயர் வாசிக்கிற யோசனை யாருடையது என்று கேட்டார். பெனடிக்ற் ஒரு மூச்சு விட்டு, "எல்லாம் ஒரு திட்டத்தோடை செய்ததுதான்," என்றார்.

திங்கட்கிழமை அவர் இம்மாகுலேற்றை அழைத்தார். மரண அறிவித்தல் பதினேழையும் உடனே அனுப்பு, ஒன்றும் விடாதே, மாதப் பத்திரிகையில் முழுப்பக்கம் கேட்டிருக்கிறேன் என்றார்.

"எண்ணிக்கை, அண்ணை?"

"பதினேழு பேருக்குத்தானே பெயர் கிடக்கு. நூற்றுக்கணக்கு எண்டு போட்டால் மிச்சம் எங்கை எண்டு சட்டன்காரன் கேட்பான்."

கடைகளில் இலவசமாய்க் கிடக்கிற அந்தப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் அது வந்தது. ஒன்றிலிருந்து பதினேழு வரை இலக்கமிட்டு, ஒரு எழுத்துக் குறையாமல். மேலே கால்வாசிப் பக்கத்துக்குப் பெனடிக்ற்றின் படம், பொன்னாடையோடு. இம்மாகுலேற் ஹை ஸ்ட்ரீட் நோர்த் மரக்கறிக் கடையில் நாலு பிரதி எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள். லாடி கைபேசியில் படம் பிடித்து அண்ணன் இலியாவுக்கு அனுப்பினாள். பன்னிரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டது இம்மாகுலேற்.

இலியா அதை மாவட்டப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாய் அச்செடுத்து, ஒரு பிரதியை அந்த அதிகாரியின் மேசையில் வைத்தான். அதிகாரி தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த எழுத்து என்று கேட்டானாம். லண்டன் எழுத்து என்றான் இலியா. அதிகாரி கடைசி இலக்கமான பதினேழில் விரலை வைத்து, கோப்பைத் திறந்து, பதின்மூன்று பேருக்கு எதிரே 'ஓடியவர்கள்' என்று எழுதியிருந்ததை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தான்.

அன்றைக்குத் தேநீர் இடைவேளையில் இலியாவின் குரல்பதிவு வந்தது. லாடி அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டாள் இம்மாகுலேற்.

மற்றப் பிரதியை இலியா ஊர்த் தேவாலயக் கதவில் ஒட்டக் கொண்டுபோயிருக்கிறான். சனம் கூடிப் பார்த்திருக்கிறது. மூசாவின் விதவை மேலே இருந்த படத்தைக் காட்டி, இவ்வளவு பெரிதாய்ப் போட்டிருக்கிறதே, இந்த மனுஷனும் அன்றைக்கா செத்தது, இவர் யாருடைய ஆள் என்று கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. எண்ணிக்கை பதினெட்டாகிவிடும் என்று பயந்து, இலியா கத்தரிக்கோல் வாங்கி அந்தக் கால்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கதவில் ஒட்டினான்.